விசைப்பலகை உன் கையில்

கீழ்க்காணும் பனுவலை வாசித்திடுக.

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. கவினின் அம்மா ஆண்டுதோறும் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, அதிரசம் ஆகியவற்றை வீட்டிலேயே செய்து விற்பவர். யாருக்கு எத்தனை டின் என்பதை ஒரு பயிற்றுப் புத்தகத்தில் குறித்து வைப்பார். சென்ற ஆண்டு அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழிந்து எங்கோ போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயர் அந்தத் தாளில்தான் இருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் மாலையில் பாட்டி வந்து கேட்டபோது வீட்டில் ஒரு டின்கூட மிச்சமில்லை. பாட்டி சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார். அம்மாவுக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

படிவம் நான்கில் பயிலும் கவின், இவ்வாண்டு முன்பதிவுகளைக் குறித்து வைக்க ஒரு வலைப்பக்கத்தைத் தானே உருவாக்க விரும்பினான். ஜொகூரில் கணினியியல் பயிலும் பெரியப்பா மகள் யாழினியைக் கைப்பேசியில் அழைத்தான்.

“இதற்கு ஒரு விரிதாளே போதுமே, தம்பி,” என்றாள் யாழினி.

“தெரியும், அக்கா. ஆனால், எனக்கு இதைக் கற்றுக்கொள்ளவும் ஆசையாக இருக்கிறது.”

“அப்படியென்றால் ஜாங்கோவில் தொடங்கு. அது ஒரு வலைச்சட்டகம். வலைத்தளம் எதுவானாலும் அதற்குச் சில பகுதிகள் கட்டாயம் தேவைப்படும். பயனர் உள்நுழையும் பக்கம், தரவுகளைச் சேமிக்கும் இடம், அவற்றைத் திருத்தும் பக்கம் ஆகியவற்றைச் சட்டகமே ஆயத்தமாகத் தந்துவிடும். நமக்கு வேண்டியதை மட்டும் நாம் அதன்மேல் கட்டிக்கொள்ளலாம்.”

ஜாங்கோ பிறந்த கதையையும் அவள் கூறினாள். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள ஒரு நாளிதழ் அலுவலகத்தில் 2003ஆம் ஆண்டு ஆட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் இதை உருவாக்கத் தொடங்கினர். செய்திப் பக்கங்களை விரைவாகக் கட்டியெழுப்ப வேண்டிய தேவையே அவர்களைத் தூண்டியது. 2005ஆம் ஆண்டு இது யாவரும் இலவசமாகப் பயன்படுத்தும் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கித்தார் கலைஞரின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பிறகும், எஞ்சிய விரல்களால் வாசிக்கப் பழகி உலகப் புகழ் பெற்றவர் அவர்.

“அக்கா, நீங்களே உங்கள் கணினியிலிருந்து என் கணினியை இயக்கி நிறுவிவிட முடியாதா?” என்று கவின் கேட்டான்.

“முடியும். பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். ஆனால், அடுத்த வாரம் ஏதேனும் கோளாறு வந்தால் மறுபடியும் என்னைத்தான் தேடுவாய். விசைப்பலகை உன் கையிலேயே இருக்கட்டும்.”

ஜாங்கோ, பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. எனவே, முதலில் பைத்தானை நிறுவ வேண்டும். கவின் அதன் அதிகாரபூர்வ வலைத்தளத்திலிருந்து அதைப் பதிவிறக்கி நிறுவினான். பின்னர், கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘பைத்தான்’ என்று ஆங்கிலத்தில் தட்டினான். பைத்தான் வரவில்லை. மாறாக, மைக்ரோசாப்ட் ஸ்டோர் திறந்துகொண்டது. மறுபடியும் தட்டினான். மறுபடியும் அதுவே வந்தது.

“அக்கா, எனக்கு இது வராது போலிருக்கிறது.” அவன் குரல் தாழ்ந்தது.

யாழினி சற்று யோசித்தாள். “நிறுவும்போது முதல் சாளரத்தின் அடியில் ஒரு சிறு கட்டம் இருந்திருக்குமே. அதில் சரி அடையாளம் இட்டாயா?”

“நீங்கள் சொல்லவில்லையே!”

“உண்மைதான். தவறு என்னுடையது, தம்பி. பல முறை செய்து பழகியதால் என் கை தானாகவே அதைச் செய்துவிடும். அது ஒரு தனிப்படி என்பதே எனக்கு மறந்துவிட்டது.”

ஒரு கட்டளையைத் தட்டியதும், அதற்குரிய மென்பொருள் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் ஒரு முகவரிப் பட்டியலைப் பார்க்கும். அந்தச் சிறு கட்டத்தில் அடையாளமிட்டால்தான் பைத்தானின் முகவரி அப்பட்டியலில் சேரும். கவின் பைத்தானை நீக்கிவிட்டு, கட்டத்தில் அடையாளமிட்டு மீண்டும் நிறுவினான். இம்முறை கட்டளைக்குப் பதிலாகப் பைத்தானின் பதிப்பு எண் திரையில் தோன்றியது.

“அடுத்து, இந்தத் திட்டத்திற்கென ஒரு மெய்நிகர்ச் சூழலை உருவாக்க வேண்டும்,” என்றாள் யாழினி.

“அது எதற்கு?”

“அம்மா அதிரசத்தையும் முறுக்கையும் ஒரே டின்னில் போடுவாரா?”

“மாட்டார். முறுக்கு நமத்துப் போய்விடும்.”

“அதே காரணம்தான். ஒரு திட்டத்திற்கு ஜாங்கோவின் பழைய பதிப்பு தேவைப்படலாம். மற்றொன்றுக்குப் புதியது தேவைப்படலாம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். மெய்நிகர்ச் சூழல் என்பது ஒவ்வொரு திட்டத்திற்கும் ஒரு தனி டின்.”

கவின் ஒரு கோப்புறையில் அந்தச் சூழலை உருவாக்கினான். அதை முடுக்கிவிடும் கட்டளையைத் தட்டியதும் திரையில் வரிவரியாகச் சிவப்பு எழுத்துகள் தோன்றின. அவன் சாளரத்தை மூடப் போனான்.

“மூடாதே! சிவப்பு எழுத்து உன்னைத் திட்டவில்லை. உனக்குத் தகவல் சொல்கிறது. எனக்கு வாசித்துக் காட்டு.”

கவின் மெல்ல வாசித்தான். இந்தக் கணினியில் கட்டளைக் கோப்புகளை இயக்க அனுமதி இல்லை என்பதே அதன் பொருள். அவன் திறந்திருந்தது பவர்ஷெல் சாளரம். தீங்கான நிரல்கள் எளிதில் இயங்காமலிருக்க அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாழினி சொன்னபடி கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தைத் திறந்து முயன்றான். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் தோன்றியது. சூழல் இயங்குவதற்கு அதுவே அடையாளம்.

அதன்பின் ‘பிப்’ என்னும் கருவியைக் கொண்டு ஜாங்கோவை நிறுவ வேண்டியிருந்தது. யாழினி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். “ஆங்கிலத்தில் முதலெழுத்து ‘டி’. அது உச்சரிப்பில் ஒலிக்காது. ஆனால், எழுத்தில் இருக்க வேண்டும். பிப் இணையத்திலிருந்து மென்பொருளைக் கொண்டுவருகிறது. ஓரெழுத்து மாறினாலும் முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய மென்பொருள் வந்துவிடலாம். பிரபலமான பெயர்களைப் போலவே பெயரிட்டுத் தீய நிரல்களைப் பரப்புவோரும் இருக்கிறார்கள்.” கவின் ‘என்டர்’ விசையை அழுத்தும் முன் இரு முறை சரிபார்த்தான்.

ஜாங்கோ நிறுவப்பட்டது. புதிய திட்டமும் உருவானது. திட்டத்தை இயக்கும் கட்டளையைத் தட்டினான். மீண்டும் பிழைச்செய்தி! யாழினி வாய் திறக்கும் முன் கவினே பேசினான்.

“பொறுங்கள், அக்கா. நானே வாசிக்கிறேன். ‘மேனேஜ்’ என்னும் கோப்பைத் திறக்க முடியவில்லையாம். அப்படி ஒரு கோப்பே இல்லையாம். ஆனால், அது திட்டத்தின் கோப்புறைக்குள் இருக்கிறதே... ஓ! நான் இன்னும் வெளிக்கோப்புறையில் நிற்கிறேன்!”

உள்ளே சென்று அதே கட்டளையை மீண்டும் தட்டினான். பிறகு, உலாவியைத் திறந்து, தன் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்னும் முகவரியுடன் 8000 என்னும் எண்ணையும் சேர்த்துத் தட்டினான். திரையில் ஒரு ராக்கெட் படம் தோன்றியது. நிறுவுதல் வெற்றி பெற்றது என்ற வாழ்த்துச் செய்தியும் அதன்கீழ் இருந்தது.

“அக்கா, ராக்கெட்!” என்று கவின் கத்தியதைக் கேட்டு, அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார். திரையை உற்றுப் பார்த்தார்.

“இதில் முறுக்கு எங்கேடா?”

“இனிமேல்தான், அம்மா. இப்போது அடுப்பு மட்டும்தான் மூட்டியிருக்கிறேன்.”

கைப்பேசியில் யாழினி சிரித்தாள். “நினைவிருக்கட்டும், தம்பி. இந்தப் பக்கம் உன் கணினிக்குள் மட்டும்தான் தெரியும். பிறர் பார்க்கும்படி வெளியிட இன்னும் பல படிகள் உள்ளன. அவசரம் வேண்டாம்.”

அன்றிரவு கவின் தான் செய்த படிகளை எல்லாம் வரிசையாக எழுதி வைத்தான். அக்கா சொல்ல மறந்த அந்தச் சிறு கட்டத்தை முதலில் எழுதி, அதன்கீழ் இரு கோடுகள் இட்டான். வகுப்பில் நாளை யாராவது கேட்டால், அவன் மறந்துவிடக் கூடாதல்லவா?

சொற்பொருள்

வலைச்சட்டகம் – வலைத்தளம் உருவாக்கத் தேவையான அடிப்படைப் பகுதிகளை ஆயத்தமாகத் தரும் மென்பொருள்
திறமூலம் – மூல நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் இடமளிக்கும் முறை
மெய்நிகர்ச் சூழல் – ஒரு திட்டத்திற்குரிய மென்பொருள்களைத் தனியே வைத்திருக்கும் அமைப்பு
நமத்துப் போதல் – மொறுமொறுப்பு இழத்தல்

கருத்துணர் வினாக்கள்

1. கவின் வலைப்பக்கம் உருவாக்க எண்ணியதற்கான இரண்டு காரணங்களைக் குறிப்பிடுக.
2. மெய்நிகர்ச் சூழலின் பயனை யாழினி எவ்வாறு விளக்கினாள்?
3. மென்பொருளின் பெயரை எழுத்துப் பிழையின்றித் தட்டச்சு செய்வது ஏன் முக்கியம்?
4. “தவறு என்னுடையது, தம்பி.” யாழினியின் இக்கூற்றிலிருந்து அவளது பண்பு குறித்து நீவிர் அறிவது யாது?
5. முதல் பிழையின்போதும் இறுதிப் பிழையின்போதும் கவின் நடந்துகொண்ட விதத்தை ஒப்பிட்டு எழுதுக.
6. உமக்கு நன்கு தெரிந்த ஒரு செயலை அதனை அறியாத ஒருவருக்குக் கற்பிப்பதாகக் கொள்க. நீர் சொல்ல மறக்கக்கூடிய படி எதுவாக இருக்கும்? குழுவில் கலந்துரையாடுக.