கறுவாப் பணிஸ்: நமது அரிசியும் பூசணியும் சேர்த்து வீட்டிற் செய்யும் முறை

மாலை வேளைகளில் இசையொலி எழுப்பியவாறு ஒழுங்கைகளுக்குள் வரும் பாண் வண்டியை எதிர்பார்த்து நிற்கும் சிறுவரை இன்று நமது கிராமங்கள் பலவற்றிற் காணலாம். அவ்வண்டியில் அவர்கள் முதலில் நாடுவது இனிப்புப் பணிஸையே ஆகும். மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸ் இதற்கு நல்ல உதாரணமாகும். இவற்றைத் தின்னவேண்டாமெனப் பிள்ளைகளைத் தடுத்தல் எளிதன்று. ஆயின், நமது வயலில் விளைந்த அரிசியின் மாவையும் தோட்டத்துப் பூசணிக்காயையும் சேர்த்து, சீனியையும் கொழுப்பையும் குறைத்து, கறுவா மணத்துடன் பணிஸை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதற்குரிய முறையையும், ஒவ்வொரு வேலையையும் அவ்வாறு செய்யவேண்டிய காரணத்தையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

கமக்காரர் இதனைக் கவனிக்கவேண்டியது ஏன்?

இலங்கையிற் கோதுமை வர்த்தகப் பயிராகச் செய்கைபண்ணப்படுவதில்லை. நாம் உண்ணும் பாணுக்கும் பணிஸுக்கும் வேண்டிய கோதுமை பிறநாடுகளிலிருந்தே வருகின்றது. 2022ஆம் ஆண்டிற் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டபோது கோதுமை மாவின் விலை எவ்வளவு உயர்ந்தது என்பதையும், பாண் வாங்குவதற்கு மக்கள் பட்ட சிரமத்தையும் எவரும் மறந்திருக்கமாட்டார். அதே வேளையில், விளைச்சல் மிகும் காலங்களிற் பூசணிக்காய் விலைபோகாது தோட்டத்திலும் சந்தையிலும் குவிந்து கிடப்பதையும் நாம் காண்கின்றோம். விளைவிப்பவன் வீட்டிலேயே விளைபொருள் வீணாக, அவன் பிள்ளைகள் வாங்கிய மாப்பண்டத்தை உண்ணுதல் பொருத்தமன்று.

இரண்டாவது காரணம் உடல்நலமாகும். வெள்ளைக் கோதுமை மாவில் தவிடும் முளையும் நீக்கப்பட்டுள்ளன. எனவே நார்ச்சத்து அதிற் குறைவு. தவிடு முற்றாக நீக்கப்படாத சிவப்பரிசி மாவில் நார்ச்சத்தும் பீ வகை உயிர்ச்சத்துக்களும் கூடுதலாக உண்டு. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற சிவப்பு நெல்லினங்களைச் செய்கைபண்ணுவோர் வீட்டுத் தேவைக்கென வைத்துக்கொள்ளும் நெல்லில் ஒரு சிறு பகுதியை இதற்குப் பயன்படுத்தலாம். பூசணிக்காயின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டீன் உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறுகின்றது. மேலும், பூசணிக் கூழ் ஈரத்தைப் பிடித்துவைப்பதால், கொழுப்பைக் குறைத்தாலும் பணிஸ் மென்மையாக இருக்கும்.

கறுவாவைத் தெரிந்தெடுத்தல்

காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, களுத்துறை, இரத்தினபுரி ஆகிய மாவட்டங்களில் விளையும் கறுவாவே உண்மைக் கறுவாவாகும். 2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் சின்னமன்’ என்னும் பெயருக்குப் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பை வழங்கியது. பிறநாடுகளில் விளையும் கசியா என்னும் பட்டையும் கறுவா என்ற பெயரிலேயே உலகச் சந்தையில் விற்பனையாகின்றது. இவ்விரண்டையும் பட்டையாக இருக்கும்போது எளிதில் வேறுபடுத்தலாம்.

உண்மைக் கறுவா: மெல்லிய உட்பட்டைகள் பல ஒன்றினுள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டைப்போற் காணப்படும், இளம் மண்ணிறமானது, விரலால் அழுத்தினால் நொறுங்கும், மணம் இனியது.

கசியா: தடித்த பட்டை ஒன்றே உட்புறமாக வளைந்து உட்குழிவுடன் காணப்படும், கடுஞ்செம்மண்ணிறமானது, எளிதில் உடையாது, காரம் மிகுந்தது.

கசியாவில் கூமரின் என்னும் பொருள் கூடுதலாக உண்டு. தொடர்ந்து அதிகமாக உட்கொண்டால் அது சிலருடைய ஈரலைப் பாதிக்கும். ஒருவரின் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை வகுத்த அளவாகும். உண்மைக் கறுவாவிற் கூமரின் மிகச் சொற்பமே. பொடியாக வாங்கினால் இரண்டையும் வேறுபடுத்தல் கடினம். ஆதலால், பட்டையாக வாங்கி, வெயிலிற் சிறிது காயவைத்து, வீட்டிலேயே இடித்து அரித்துக்கொள்ளுதல் நன்று.

தேவையான பொருட்கள் (12 பணிஸுக்கு)

மாவுக்கு:
வெள்ளைக் கோதுமை மா – 200 கிராம்
ஆட்டா மா – 100 கிராம்
சிவப்புப் பச்சையரிசி மா, வறுக்காதது – 75 கிராம்
அவித்து மசித்த பூசணிக்காய் – 125 கிராம்
பால் – 100 மில்லிலீற்றர்
ஈஸ்ற் எனப்படும் உலர்ந்த மதுவம் – 2 தேக்கரண்டி
இளஞ்சூடான நீர் – 2 மேசைக்கரண்டி
சீனி – 25 கிராம்
நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் – 2 மேசைக்கரண்டி
உப்பு – முக்காற் தேக்கரண்டி

உள்ளே தூவுவதற்கு:
கறுவாப் பொடி – 2 தேக்கரண்டி
துருவிய பனங்கட்டி அல்லது கித்துள் கருப்பட்டி – 50 கிராம்
வறுத்த எள்ளு – 2 மேசைக்கரண்டி
எண்ணெய் – 1 மேசைக்கரண்டி

செய்முறை

1. பூசணிக்காய்: நன்கு முற்றிய, சதை உறுதியான காயைத் தெரிந்தெடுக்க. நீற்றுப்பூசணி நீர்த்தன்மை மிக்கதாதலால் இதற்கு ஏற்றதன்று. துண்டுகளை நீரில் இட்டு அவிக்காது, ஆவியில் அவித்து மசிக்கவேண்டும். கூழ் தண்ணீராக இருப்பின் சட்டியிலிட்டு மெல்லிய நெருப்பிற் கிளறி வற்றச்செய்க.

2. அரிசி மா: பாலைக் கொதிக்கவைத்து, கொதிநிலையிலேயே அரிசி மாவில் ஊற்றி அகப்பையாற் குழைக்க. இடியப்பத்துக்குக் கொதிநீர் விட்டு மாக் குழைப்பதும் இதே காரணத்துக்காகவே. சூட்டினால் அரிசி மா வெந்து பசைத்தன்மை பெறும், பணிஸ் உதிராது. இதனை முற்றாக ஆறவிடுதல் அவசியம்.

3. மதுவத்தைச் சோதித்தல்: விதைப்பதற்கு முன் விதைநெல்லின் முளைதிறனைச் சோதிப்பதுபோல மதுவத்தையும் சோதிக்கவேண்டும். இளஞ்சூடான நீரில் ஒரு சிட்டிகை சீனியைக் கரைத்து, மதுவத்தை அதில் இட்டுப் பத்து நிமிடம் வைக்க. நுரைத்துப் பொங்கினால் அது உயிருடன் உள்ளது. நுரை எழாவிடின் அதனை நீக்கிப் புதியதை வாங்குக. இல்லையேல் மா முழுவதும் வீணாகும். கைக்குச் சுடும் நீர் மதுவத்தைக் கொன்றுவிடும்.

4. பிசைதல்: இரு கோதுமை மாக்களையும் உப்பு, சீனி ஆகியவற்றையும் கலந்து, ஆறிய அரிசி மாவையும் பூசணிக் கூழையும் மதுவ நீரையும் எண்ணெயையும் சேர்த்துப் பத்து நிமிடம் நன்கு பிசைக. முதலிற் கையில் ஒட்டினும் பிசையப் பிசைய இழுவைத்தன்மை உண்டாகும். பூசணிக்காயின் ஈரம் காய்க்குக் காய் வேறுபடுமாதலால், இறுகியிருப்பின் சிறிது நீரும் இளகியிருப்பின் சிறிது மாவும் சேர்த்துக்கொள்க.

5. பொங்கவிடல்: ஈரத்துணியால் மூடி, மா இருமடங்காகும்வரை வைக்க. வறண்ட பிரதேசத்தின் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போதும்; மலைநாட்டிற் கூடிய நேரம் செல்லும். மணிக்கூட்டைப் பாராது மாவைப் பார்த்தே முடிவுசெய்க.

6. கறுவா தூவுதல்: மாவை அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில், ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உள்ளதாகப் போத்தலால் உருட்டிப் பரப்புக. எண்ணெயைத் தடவி, கறுவாப் பொடியையும் பனங்கட்டியையும் எள்ளையும் சமமாகத் தூவி, நீண்ட பக்கத்திலிருந்து பாய்போலச் சுருட்டுக. கறுவாவை மாவுடன் சேர்த்துப் பிசைதலாகாது. கறுவாவுக்கு மணத்தையும் காரத்தையும் கொடுக்கும் சின்னமல்டிகைட்டு என்னும் பொருள் மதுவத்தின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆதலாலேயே அது சுருளின் உள்ளே மட்டும் இடப்படுகின்றது.

7. வெட்டுதல்: சுருளை 12 துண்டுகளாக வெட்டுக. கத்தி சுருளை நசுக்கும். தடித்த நூலைச் சுருளின் கீழே செலுத்தி, மேலே குறுக்காக இழுத்தால் துண்டுகள் வட்டமாகவே அமையும். நெருப்பில் வாட்டி எண்ணெய் தடவிய வாழையிலையைத் தட்டில் விரித்து, சிறிது இடைவெளி விட்டு அடுக்கி, மேலும் 30 தொடக்கம் 40 நிமிடம் பொங்கவிடுக.

8. வேகவைத்தல்: போறணையில் 180 பாகை செல்சியசில் 20 தொடக்கம் 25 நிமிடம் வேகவைக்க. மேற்புறம் பொன்னிறமாகி, அடியைத் தட்டினால் வெற்றொலி எழுவது வெந்தமைக்கு அடையாளமாகும்.

போறணை இல்லாத வீடுகளில்

அடி தடித்த பெரிய பாத்திரமொன்றில் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் மூன்று சிறு கற்களை வைக்க. தட்டையான மூடியால் மூடி, மெல்லிய நெருப்பில் 15 நிமிடம் சூடேற்றுக. பின்னர் பணிஸ் தட்டைக் கற்களின்மேல் வைத்து மூடி, மூடியின்மீது சிரட்டைத் தணலைப் பரப்புக. கீழேயுள்ள நெருப்பு மெல்லியதாகவும் மேலேயுள்ள தணல் கூடியதாகவும் இருத்தல் வேண்டும். 25 நிமிடத்தின் பின் ஒருமுறை திறந்து பார்க்கலாம். அடிக்கடி திறந்தால் வெப்பம் வெளியேறி மா அமர்ந்துவிடும். பெரும்பாலும் 30 தொடக்கம் 35 நிமிடத்தில் வெந்துவிடும்.

நேரக்கூடிய தவறுகளும் பரிகாரங்களும்

பணிஸ் கல்லைப்போல் இறுகுதல்: மதுவம் பழுதடைந்திருக்கலாம், அல்லது அரிசி மா ஆறுமுன் சேர்க்கப்பட்டிருக்கலாம். அரிசி மாவின் அளவை மிகுதியாகக் கூட்டியிருப்பினும் இவ்வாறாகும். பொங்கும்போது உண்டாகும் வாயுவைப் பிடித்துவைப்பது கோதுமையிலுள்ள பசைப்புரதமே. அரிசியில் அது இல்லை. எனவே அரிசி மா மொத்த மாவில் ஐந்திலொரு பங்காக இருத்தல் நன்று.

நடுப்பகுதி வேகாது களியாக இருத்தல்: பூசணிக் கூழில் நீர் மிகுந்தமையே பெரும்பாலும் காரணம். அடுத்தமுறை கூழை நன்கு வற்றச்செய்க.

அடி கருகுதல்: சுருளிலிருந்து வழியும் பனங்கட்டிப் பாகே கருகுகின்றது. நுனிவரை தூவாது, ஓரத்தில் இரண்டு சென்ரிமீற்றர் வெறுமையாக விட்டு அவ்வோரத்தை நீர் தொட்டு ஒட்டுக.

உண்ணும் அளவு

பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் சீனியைவிடச் சுவையும் மணமும் உடையன. ஆயினும் அவையும் இனிப்பே. அவற்றை எவ்வளவும் உண்ணலாம் எனக் கருதுதல் தவறு. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, உணவிற் சேர்க்கும் இனிப்பைப் பெறும் சக்தியில் 10 சதவீதத்துக்குக் குறைத்தல் வேண்டும். 5 சதவீதத்துக்குக் குறைத்தல் மேலும் நன்று. வளர்ந்த ஒருவருக்கு இப்பிந்திய அளவு நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமாகும்.

இம்முறையிற் செய்த பணிஸ் ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம் சேர்த்த இனிப்பு உண்டு. இருவேளைத் தேநீருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டி சீனி இடுபவர் அதனாலேயே ஏறக்குறைய 16 கிராமை அடைந்துவிடுகின்றார். ஒரு பணிஸுடன் அது 22 கிராமாகும். இரண்டாவது பணிஸ் எல்லையைத் தாண்டச்செய்யும். எனவே ஒன்றுடன் நிறுத்துக. அல்லது தேநீரிற் சீனியைக் குறைக்க.

நீரிழிவு உள்ளோர் இதனையும் மாப்பண்டமாகவே கணித்து, வைத்தியரின் ஆலோசனைக்கு அமைய உண்ணவேண்டும். கறுவா நீரிழிவைத் தீர்க்கும் மருந்தென நம்பி, உட்கொள்ளும் மருந்தை நிறுத்துதல் ஆபத்தானது. கறுவாவின் பயன் இங்கே வேறு: அதன் இனிய மணம், குறைந்த இனிப்பையே போதுமானதாக உணரச்செய்கின்றது.

பூசணிக்காய் சேர்ந்த பணிஸ் விரைவிற் பூஞ்சணம் பிடிக்கும். நன்கு ஆறியபின் மூடிவைத்து இரண்டு நாட்களுக்குள் உண்டு முடிக்க.

முடிவுரை

வாரம் ஒருமுறை இவ்வளவு பணிஸ் செய்யும் குடும்பம், அரிசி மாச் சேர்ப்பதால் ஓராண்டில் ஏறக்குறைய 4 கிலோகிராம் கோதுமை மாவை மீதப்படுத்தும். ஆறு கிலோகிராமுக்கு மேற்பட்ட பூசணிக் கூழையும் பயன்படுத்தும். இது சிறு தொகையே. ஆயினும் கமக்காரர் குடும்பங்கள் பல இதனைக் கைக்கொண்டால், விலைபோகாத விளைபொருளுக்கு ஊரிலேயே ஒரு பயன் உண்டாகும். அத்துடன், பிள்ளை தின்னும் பண்டத்தில் என்ன சேர்ந்துள்ளது, எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதைத் தாய் தந்தையர் அறிந்திருப்பர்.

முதன்முறை பாதி அளவிற் செய்து பார்க்க. பூசணிக்குப் பதிலாக அவித்து மசித்த வற்றாளைக் கிழங்கையும் பயன்படுத்தலாம். அதில் ஈரம் குறைவாதலால் நீரைச் சற்றுக் கூட்டிக்கொள்க. கைபழகியபின், அடுத்த போகத்தில் வீட்டுத் தேவைக்கு எவ்வளவு சிவப்பு நெல்லும் எத்தனை பூசணிக் கொடியும் வேண்டுமென்பதை நீங்களே கணித்து, வளவிலும் வயலிலும் அதற்கு இடம் ஒதுக்குக.