ஒரே இணைப்பு, வீடு முழுவதும் பயன்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இணையத்தின் வழி வீட்டுக்கு வந்தன. ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பயன்படுத்திய வீடுகள் பல. பிள்ளைகளின் கல்விக்கு இணையம் எத்துணை இன்றியமையாதது என்பதை அன்று நாம் அனைவரும் உணர்ந்தோம். ஜொகூர்த் தோட்டங்களில் வாழும் நம்மவர்கள், ஓர் இணைப்பைக் கொண்டே வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தையும் இயக்கும் முறையை இங்குக் காண்போம்.

அலை பரவும் விதம்

கம்பி வழியாகவோ சிம் அட்டை வழியாகவோ வரும் இணையத்தை ரவுட்டர் என்னும் சிறு பெட்டி பெற்று, வானொலி அலைகளாக வீட்டினுள் பரப்புகிறது. இதுவே வைஃபை. பெரட்டில் ஒவ்வொருவருக்கும் நிரை பிரித்துக் கொடுப்பதைப் போல, இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண்ணை வழங்குகிறது. ஆகவே, ஒரு கருவிக்குரிய செய்தி மற்றொன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை.

அலைவரிசைகளுள் 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு கடக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவு மிக்கது. ஆனால் எட்டும் தொலைவு குறைவு. உலோகம் இரண்டையுமே தடுக்கும். ஆதலின் ரவுட்டரை வீட்டின் நடுவே, சற்று உயரத்தில் வைக்க வேண்டும். இரும்பு அலமாரி, தகரத் தடுப்பு, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றின் அருகில் வைத்தலாகாது.

கருவிகளை இணைத்தல்

கைப்பேசியிலுள்ள பாடத்தைத் தொலைக்காட்சியின் பெரிய திரையில் காணலாம். கம்பியின்றியே அச்சிடவும் செய்யலாம். அதற்கு வைஃபை வசதியுள்ள அக்கருவிகள் யாவும் ஒரே வலையில் இருத்தல் வேண்டும். தொலைக்காட்சி வைஃபையிலும் கைப்பேசி தன் சொந்தத் தரவிலும் இருந்தால், ஒன்றையொன்று கண்டுகொள்ளா. கருவி பழுதென்று எண்ணிக் கடைக்குச் செல்லுமுன், இரண்டிலும் வலையின் பெயர் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பூட்டும் சாவியும்

அண்டை வீட்டாருக்கு உதவுவது நம் பண்பு. எனினும், கடவுச்சொல்லை அறிந்தவர் நம் வலைக்குள் வந்துவிடுகிறார். நம் கருவிகளையும் அவர் அணுகக்கூடும். பல ரவுட்டர்களில் விருந்தினர்க்கென்று தனி வலை அமைக்கும் வசதி உண்டு. பிறருக்கு அதனையே கொடுங்கள். ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றி, பிறர் ஊகிக்க இயலாத நீண்ட சொல்லை வையுங்கள். பூட்டு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும்.

வலையைப் பூட்டினாலும், தொலைபேசியில் பேசி ஏமாற்றுவோரிடம் வங்கி எண்களைச் சொல்லிவிட்டால் பயனில்லை. பணம் பறிபோனால் சற்றும் தாமதியாமல் வங்கியை அழையுங்கள். அல்லது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்னும் எண்ணை அழையுங்கள்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் அலை மிகக் குறைவாக உள்ள அறை எது? ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள்.
2. இணைந்துள்ள கருவிகளின் பட்டியலை ரவுட்டரில் பார்த்து எண்ணுங்கள். அறியாத கருவி இருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

இவ்விரண்டையும் பிள்ளைகளுடன் அமர்ந்து செய்யுங்கள். மாதந்தோறும் உழைத்துக் கட்டும் பணத்தின் பயன் வீட்டிலுள்ள அனைவரையும் சென்றடையட்டும்.