ஆவணி முதல் தை வரை: முதலாண்டு பொறியியல் மாணவர் கவனத்துக்கு

கவுன்சலிங் முடிந்தது. லேனா விளக்கு, கீரனூர், புனல்குளம் பக்கத்துக் கல்லூரிகளிலும், புதுக்கோட்டை மாவட்ட எல்லை தாண்டிக் காரைக்குடியிலும் திருச்சி சேதுராப்பட்டியிலும் நம் பிள்ளைகள் முதலாண்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். போன ஆவணியிலும் இதையேதான் சொன்னோம். கேட்காதவர்கள் இன்று இரண்டாமாண்டில் அரியரோடு இருக்கிறார்கள். அதனால் மறுபடியும்.

உடனே முடிக்க வேண்டியவை: வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டிலும் மூன்று நகல். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாத ஆயிரம் ரூபாய் பலருக்கு அங்கேதான் நிற்கிறது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களின் படிப்பு, விடுதிக் கட்டணத்தை 2021 முதல் அரசே செலுத்துகிறது. யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். லேபுக்கு ஷூ. அப்சர்வேஷன் நோட்டில் அன்றன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கால்குலேட்டர் உங்களுடையதாக இருக்கட்டும், பரீட்சை ஹாலில் இரவல் கிடையாது. ராகிங் என்றால் பொறுத்துப்போக வேண்டாம். மருத்துவ மாணவர் நாவரசு கொலைக்குப் பிறகு, 1997இலேயே தமிழ்நாட்டில் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. தேசிய உதவி எண் 1800-180-5522.

வருகைப்பதிவு 75 சதவீதம். 65க்கும் 75க்கும் நடுவில் நின்றால் மருத்துவச் சான்று, அபராதம், கெஞ்சல். 65க்குக் கீழே போனால் பரீட்சையே கிடையாது, அந்த செமஸ்டரை அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா, தீபாவளிக்கு முன்னே இரண்டு நாள், பின்னே மூன்று நாள். கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சொல்வதை நின்று படியுங்கள். கணிதம். எம்-ஒன். இதைத்தான் அரியர் விடுகிறீர்கள், இதை மட்டும் விடக்கூடாது.

"பிளஸ் டூல மேக்ஸ் தொண்ணூறு சார்" என்று சொல்லிக்கொண்டு முதல் ஆறு வாரம் நோட்டைத் திறக்காதவர்கள்தான் முதல் இன்டர்னலில் நூற்றுக்குப் பதினைந்து வாங்குகிறார்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் வேறு விதம்: போர்டில் ஓடும் இங்கிலீஷைப் பார்த்து, இது நமக்கு வராது என்று முதல் வாரமே முடிவு கட்டிவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டீர்களா? திரும்ப வாங்குங்கள். அதன் முதல் பாடம் அணிகளும் அணிக்கோவைகளும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எம்-ஒன்னின் முதல் யூனிட்டும் மேட்ரிக்ஸ்தான். 3×3 அணிக்கோவைக்கு மதிப்புக் காணத் தெரிந்தவருக்கு ஐகன் மதிப்பு பாதி வந்தாயிற்று. மூலைவிட்டத்தில் உள்ள மூன்று எண்களிலும் லாம்டாவைக் கழியுங்கள், அணிக்கோவையைப் பூஜ்ஜியத்துக்குச் சமன் செய்யுங்கள், முப்படிச் சமன்பாடு வரும். சறுக்குவது பெரும்பாலும் கூட்டல் கழித்தல் குறியில். கிடைத்த மூன்று மதிப்புகளையும் கூட்டினால் மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகை வர வேண்டும். வரவில்லையா, அங்கேயே நில்லுங்கள். இந்த அரை நிமிடச் சரிபார்ப்பைச் செய்யாமல் ஐகன் வெக்டருக்கு ஓடி, பதினாறு மார்க் கணக்கை முழுசாகத் தொலைத்த பேப்பர்களைத் திருத்தித் திருத்தி எங்களுக்கு அலுத்துவிட்டது.

"அரியர்தானே, ஏப்ரல்ல தூக்கிடலாம்" என்கிறார்கள் சீனியர்கள். தூக்கியவர் யார் என்று அவர்களிடமே கேளுங்கள். 2021 விதிமுறைக் கணக்கைச் சொல்கிறேன் (உங்கள் பேட்சுக்கு எந்த விதிமுறை, கல்லூரி தன்னாட்சியா என்று முதல் வாரமே விசாரித்துவிடுங்கள்): இன்டர்னல் 40, செமஸ்டர் 60, மொத்தத்தில் 50 வந்தால் பாஸ், செமஸ்டரில் மட்டும் குறைந்தது 45 சதவீதம். இன்டர்னலில் 30 வைத்திருப்பவர் செமஸ்டரில் நூற்றுக்கு 45 எடுத்தால் தேறிவிடுவார். 12 வைத்திருப்பவர் 64 எடுக்க வேண்டும். ஐப்பசியில் ஒழுங்காக எழுதாத டெஸ்டுக்குத் தையில் கிட்டத்தட்ட இருபது மார்க் வட்டி. சம்பாவில் முதல் களையை விட்டவருக்கு இது புரியும். அதோடு, பல பிரிவுகளில் மூன்றாம் செமஸ்டரில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் வரும்போது இந்த கால்குலஸ் தெரியாமல் உட்கார முடியாது. ஒரு அரியர் இரண்டாவது அரியரைக் கூட்டிக்கொண்டு வரும். கடைசி வருடம் கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகள் பலவற்றில் ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் வாசலோடு சரி.

மறுபடி சொல்கிறேன்: எம்-ஒன். தினம் இரண்டு கணக்கு, பேப்பரில், கையால். வீடியோ பார்ப்பது கணக்குப் போடுவதாகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காலை ஆறரைக்குப் பஸ் ஏறி இரவு ஏழு மணிக்குத் திரும்பும் பிள்ளையை, வந்ததும் கடையில் நிறுத்தாதீர்கள். மார்க் குறைந்தால் திட்டுவதற்கு முன் டியூட்டருக்கு ஒரு போன் போடுங்கள். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கியிருந்தால் 14416க்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

மழைக்காலம் வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நோட்ஸ் எல்லாம் போனில் இருந்தால் சார்ஜோடு அதுவும் போகும். யூனிட்டுக்கு இருபது பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். மழை லீவு விட்டால் அது தூங்குவதற்கு மட்டுமல்ல.

முதல் இன்டர்னல் பேப்பர் கைக்கு வந்த அன்றே, மார்க் எவ்வளவானாலும், அதை எடுத்துக்கொண்டு கணித ஆசிரியர் அறைக்குப் போங்கள். மடித்துப் பைக்குள் வைக்காதீர்கள். கடைசி மணிக்கும் கல்லூரி பஸ் கிளம்புவதற்கும் நடுவில் கால் மணி நேரம் இருக்கிறது, இரண்டு கணக்குக்கு அது போதும்.