ஓரத்தில் நிற்கும் அத்தை ஏன் குண்டாகிறார்?

கேள்வி: குவார்ட்டர்ஸ் வீடுகளில் வளைகாப்பு, பிறந்தநாள் வீடியோ எடுக்கிறேன். கேனான் 200டி மார்க் 2 கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ். சின்ன ஹாலில் பாதிப் பேர்தான் அடங்குகிறார்கள். சுவர் வளையாத, விலை குறைந்த வைட் ஆங்கிள் லென்ஸ் எது?
– வாசகர், நெய்வேலி டவுன்ஷிப்

பதில்: கேனான் ஈஎஃப்-எஸ் 10-18 எஸ்டிஎம். உங்கள் லென்ஸ் 18-இல் 74 டிகிரி பார்க்கிறது; இது 10-இல் 107 டிகிரி. கை ஆட்டத்தைக் குறைக்கும் ஐஎஸ் உண்டு. ஃபோகஸ் மோட்டாரும் சத்தம் போடாது. 2014-இல் வந்ததால் பழையதாகவும் கிடைக்கும். 'ஃபிஷ் ஐ' லென்ஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள். கதவு நிலை வில்லாகிவிடும்.

ஆனால் ஓரத்தில் நிற்பவரை எந்த வைட் லென்ஸும் அகலமாக இழுக்கும். அத்தைகளை நடுவில் உட்கார வையுங்கள். ஓரத்துக்கு பீரோ போதும். கேமராவை நெஞ்சு உயரத்தில் சாய்க்காமல் பிடியுங்கள். அண்ணாந்தால் சுவர்கள் கோபுரமாய்க் குவியும். 14-இல் எல்லோரும் அடங்கினால் 10-க்குப் போகாதீர்கள்.

4கே வேண்டாம், உங்கள் கேமரா அதில் ஓரங்களை வெட்டிவிடும், காசு கொடுத்து வாங்கிய அகலம் வீண். ஃபுல் எச்டி போதும். இந்த லென்ஸ் வெளிச்சம் கேட்கும், ஒரு எல்இடி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட் மினுக்காது. கரன்ட் தயாரிக்கிற ஊரிலேயே மினுக்கினால் அவமானம் இல்லையா!