நிதானம் என்னும் தடை

சாமாயிகத்தில் மனம் ஒருமைப்பட்டால் போதும் என நம்மில் பலர் கருதுகின்றோம். மீனுக்காகக் காத்திருக்கும் கொக்குக்கும் ஒருமை உண்டு!

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என நான்காகப் பகுத்து, பின்னிரண்டே வீடுபேற்றுக்கு ஏது என்றார். ஆர்த்தத்தின் நால்வகையுள் ஒன்று நிதானம். பேச்சு வழக்கில் பொறுமையைக் குறிக்கும் சொல்லன்று இது. நோன்புக்கு விலையாக இனிவரும் போகத்தை வேண்டி ஏங்குதல். மகனுக்கு உத்தியோகம், வீட்டுக்கு மாடி என எண்ணியபடியே 108 மணிகளை உருட்டினால் மனம் குவியும். வினையோ கழியாது, கூடும். பெற்றோர் கவலையை நாம் இகழவில்லை. அதற்குரிய வேளை இதுவன்று என்கிறோம்.

எனவே அந்த இரண்டு நாழிகைக்கு, அதாவது 48 நிமிடங்களுக்கு, அமருமுன் எதை நாடுகிறோம் என்று நம்மையே வினவிக்கொள்வோம். பிறகு பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் ஒன்றை மட்டும் எடுப்போம். பன்னிரண்டையும் ஓட்டிவிட வேண்டா. அன்னியத்துவம் என்றால், கால் மரத்துப்போகும்போது மரத்தது உடல், அதை அறிவது உயிர் என்று நோக்கலாம். முழங்கால் வலியுடையோர் நாற்காலியிலேயே அமரட்டும்.