‘டர்ன்பக்கிள்’: கலைச்சொல்லாக்கத்தில் ஒரு சிக்கல்

கம்பிவடத்தின் தொய்வை நீக்கி இறுக்கும் கருவி ‘டர்ன்பக்கிள்’ எனப்படும். நீள்சட்டமொன்றின் இரு முனைகளிலும் திருகாணிகள் பொருந்தியிருக்கும். ஒன்றன் புரி மற்றதன் புரிக்கு எதிர்த்திசையில் அமையும். சட்டத்தைத் திருப்புங்கால் இரண்டும் ஒருசேர உள்நோக்கி நகரும், வடம் முறுக்கேறுவதில்லை. புரியிடைத் தூரம் 2 மி.மீ. எனின், ஒரு முழுச்சுற்றில் 4 மி.மீ. குறையும்.

ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்துச் ‘சுழல்கொளுவி’ எனப் பெயர்த்தால் பொருள் பிறழும். தடையின்றிச் சுழன்றும் நீளத்தை மாற்றாத ‘சுவிவல்’ என்னும் வேறு கருவிக்கே அப்பெயர் பொருந்தும். பெயரை நம்பி ஒன்றன் இடத்தில் மற்றதைப் பூட்டினால் வடத்தை இறுக்க வழியே இராது.

எனவே பெயர் ‘சுழல்’ என்பதன்மேல் அன்றிப் ‘புரி’ என்பதன்மேல் அமைதல் வேண்டும். பள்ளி இயற்பியல் நூல்கள் ‘புரியிடைத் தூரம்’ என ஆள்வதால் இச்சொல் கலைச்சொல் தகுதி பெற்றுள்ளது; கயிற்றின் முறுக்கையும் ‘முப்புரி’ என்புழி அதுவே குறிக்கிறது. ‘வலம்புரி இடம்புரி இறுக்கி’ எனல் செவிக்கு இனிது. ஆயின் மரபு வலம்புரி எனப் போற்றும் அரிய சங்கு, விலங்கியல் வகைப்பாட்டில் இடச்சுருள் உடையது. வலக்கைப் புரியை ‘வலம்புரி’ என்றால் சங்கின் வழக்கோடு முரண் எழும். இக்கருவிக்கோ திசை பொருட்டன்று, எதிர்மையே பொருட்டு. ஆதலின் ‘எதிர்ப்புரி இறுக்கி’ என்பதே தகும். தளர்த்தவும் உதவுவதை ‘இறுக்கி’ எனலாமோ எனின், திறக்கவும் உதவுவதைப் ‘பூட்டு’ என்பதே தமிழ் வழக்கு.