வீணை மெட்டும் காம்பா நரம்பும்: ஒலிப் பாடத்திற்கு ஒரு செயல்பாடு

காஞ்சிபுரத்தில் என் வகுப்புக் குழந்தைகள் பலரின் வீட்டில் தறி உண்டு. பாவு தொய்ந்தால் நெசவு கெடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் ‘இழுவிசை’ என்று பாடநூலில் வந்ததும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். கைக்குத் தெரிந்ததைப் பாடத்துடன் சேர்க்க, ஒன்பதாம் வகுப்பில் இந்தச் செயல்பாட்டைச் செய்தேன்.

இரண்டு கருவிகள்

வீணையை அனைவரும் அறிவர். அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. இதே போல மெட்டுள்ள, ஆனால் வில்லால் வாசிக்கும் கருவி ஒன்று 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் உருவாகி இத்தாலிக்குச் சென்றது. பெயர் வியோலா ட காம்பா. ‘காம்பா’ என்றால் இத்தாலிய மொழியில் கால். கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிப்பதால் அப்பெயர். ஆறு தந்திகள், கழுத்தில் விலங்குக் குடல் நரம்பால் கட்டிய ஏழு மெட்டுகள். 1553இல் தியேகோ ஓர்த்திஸ் ரோம் நகரில் வெளியிட்ட நூல், திரும்பத் திரும்ப வரும் அடிசுரத்தின் மேல் கற்பனையாக வாசிப்பதைக் கற்றுத்தருகிறது. நம் கற்பனைசுரத்தை நினைவூட்டும் கலை அது.

மெட்டுகளை எங்கே வைப்பது? கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581இல் லூட் என்ற தந்திக் கருவிக்கு எளிய விதி ஒன்றைச் சொன்னார்: ஒவ்வொரு மெட்டுக்கும் மீதித் தந்தி நீளத்தை 17/18ஆல் பெருக்குக.

செயல்பாடு 1: நீளம்

ஒரு பலகையில் 72 செ.மீ. இடைவெளியில் இரண்டு மரக்கட்டைகளை வைத்து, மேலே தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டுக. முதல் மெட்டு 68 செ.மீ.; அடுத்தது 64.2. இப்படியே கணக்கிட்டால் ஐந்தாவது 54.1, ஏழாவது 48.3. சரியான மத்திமத்திற்கு நீளத்தில் 3/4 பங்கு (54), பஞ்சமத்திற்கு 2/3 பங்கு (48). வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். காம்பாவின் ஏழாவது மெட்டு பஞ்சமத்தில் முடிவதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

செயல்பாடு 2: இழுவிசை

நரம்பின் ஒரு முனையை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, 1 லிட்டர் நீர் நிரப்பிய புட்டியைக் கட்டுக. ‘மேல்சட்ஜம் கேட்க எவ்வளவு நீர் வேண்டும்?’ என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் 2 லிட்டர் என்றனர். கட்டிப் பார்த்தால் பிரதி மத்திமத்தின் அருகில் நின்றது. 4 லிட்டர் கட்டியபோதுதான் மேல்சட்ஜம் கேட்டது. எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்கு. வின்சென்சோவும் எடைகளைத் தொங்கவிட்டே இதை அறிந்தார். வர்க்கமூலம் என்ற சொல்லை இதன் பிறகே கரும்பலகையில் எழுதினேன்.

விளிம்பில் உராய்வால் எடை முழுதும் நரம்புக்குச் சென்று சேரவில்லை என்று முதலில் சொன்னவன், கணக்கில் பின்தங்கியவன் என்று பதிவேட்டில் குறிக்கப்பட்ட மாணவன். மேசைக்கு வெளியே உள்ள பகுதி விறைப்பாகவும் பலகை மேலுள்ள பகுதி தளர்வாகவும் இருப்பதை விரலால் தட்டிக் காட்டினான். பாவு கட்டும் கை அது. விளிம்பில் ஒரு கப்பி வைத்தோம், சுருதி சேர்ந்தது.

மதிப்பீடு

1. 60 செ.மீ. நரம்பில் பஞ்சமம் எந்த நீளத்தில் கேட்கும்?
2. பஞ்சமத்திற்கு 1 லிட்டருக்குப் பதில் எத்தனை லிட்டர் தேவை? (விடை: 2.25)
3. சீனாவின் குச்சின் கருவிக்கு மரபாக முறுக்கிய பட்டு நூலே தந்தியாக இருந்தது. வீட்டில் மிஞ்சும் பட்டு இழையை முறுக்கிக் கட்டி, தூண்டில் நரம்புடன் ஒப்பிடுக.

மூன்றாவது கேள்விக்கு நம்மிடம் ஆயத்த விடை வேண்டாம். குழந்தைகள் சொல்வதைக் குறித்துக்கொள்வோம்.